முதியோருக்கு மெடிக்ளைம் விற்றுப் பிழைக்க முடியுமா?

கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் முப்பது வருடம் உழைத்தவர் 58 வயதில் ஓய்வு பெறும் நாளில் சால்வை போர்த்துவார்கள், சுவர்க் கடிகாரம் கொடுப்பார்கள், வீடு வரை வேனில் கொண்டுபோய் விடுவார்கள். அன்றோடு அவர் கையை விட்டுப் போகிற ஒன்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அதுவரை கம்பெனி எடுத்து வைத்திருந்த குழு மருத்துவக் காப்பீடு அது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் மூட்டுவலியும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் வயதில், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இருந்த ஒரே தாங்கல் போய்விடுகிறது.

என்னைப் போன்ற மருத்துவக் காப்பீட்டு ஏஜென்டுகளின் பிழைப்பு அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பதினான்கு வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். என் பாலிசிதாரர்களில் பாதிப்பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். இதில் சேரலாமா, குடும்பம் நடத்தும் அளவுக்கு வருமானம் வருமா என்று கேட்டுக்கொண்டு அடிக்கடி யாராவது வருகிறார்கள். நடுவயதில் வேலை போனவர்கள், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பின் நேரம் கிடைக்கும் பெண்கள், தாங்களே ஓய்வு பெற்றவர்கள். ஆள் சேர்க்கும் கூட்டங்களில் அவர்களுக்குக் காட்டப்படும் கணக்குக்கும் நான் பார்த்த கணக்குக்கும் வெகுதூரம்.

முதலில், இந்தப் பாலிசியை யார் வாங்குகிறார்கள் என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அந்தப் பங்கு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. இதைத்தான் கூட்டங்களில் பெரிய சந்தை என்று திரையில் போட்டுக் காட்டுவார்கள். ஆனால் அத்தனை பேரும் நம் வாடிக்கையாளர்கள் ஆகப்போவதில்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. மாநில அரசு ஓய்வூதியர்களுக்குத் தனித் திட்டம் இருக்கிறது. அதற்கான தொகை மாதாமாதம் பென்ஷனிலேயே பிடிக்கப்படுகிறது. 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா திட்டம், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என்கிறது. "அரசாங்கமே கொடுக்கும்போது உங்களிடம் எதற்குங்க தம்பி கட்ட வேண்டும்?" என்ற கேள்வியைக் கேட்காத வீடு இப்போது கிடையாது. நியாயமான கேள்விதான். எந்த ஆஸ்பத்திரி அந்த அட்டையை ஏற்கிறது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று பொறுமையாகப் பேசத் தெரியாத ஏஜென்ட் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க முடியாது.

மீதியிருப்பவர்கள் நடுவில் இருப்பவர்கள். தனியார் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்கள், சிறு பட்டறை வைத்திருந்தவர்கள், மளிகைக் கடைக்காரர்கள், கொஞ்சம் நிலம் உள்ளவர்கள். அட்டை வாங்கும் அளவுக்கு ஏழைகளும் அல்ல, மூன்று லட்சம் ரூபாய் பில்லைத் தாங்கும் அளவுக்கு வசதியானவர்களும் அல்ல. தொழிலாளர் வைப்பு நிதி அமைப்பின் ஓய்வூதியத்தில் குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய்தான். எத்தனையோ மில் தொழிலாளர்கள் அதை ஒட்டிய தொகையைத்தான் வாங்குகிறார்கள். இவர்களிடம் போய் வருடம் 40,000 ரூபாய் பிரீமியம் கட்டச் சொல்கிறோம். பெரும்பாலும் பணம் பிள்ளைகளிடமிருந்து வருகிறது. பேசுவது சிங்காநல்லூரில் இருக்கும் அப்பாவிடம், முடிவெடுப்பது பெங்களூரில் இருக்கும் மகன்.

இப்போது வருமானக் கணக்கு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் போதும்; 50 கேள்விகள் கொண்ட தேர்வை எழுதி ஏஜென்ட் கோடு வாங்கிவிடலாம். முன்பெல்லாம் தனிநபர் மருத்துவப் பாலிசிக்குக் கமிஷன் 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 2023 ஏப்ரல் முதல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்ற காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அந்த உச்சவரம்பை எடுத்துவிட்டது. கம்பெனியின் மொத்தச் செலவுக்குத்தான் இப்போது வரம்பு; அதற்குள் யாருக்கு எவ்வளவு என்பதைக் கம்பெனி இயக்குநர் குழுவே முடிவு செய்துகொள்ளும். பெரிய தரகு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும் இதில் பேரம் பேசும் பலம் உண்டு. வீடு வீடாக நடக்கிற தனி ஏஜென்டுக்கு அது கிடையாது. வாடிக்கையாளரின் வயது கூடினால் கமிஷனைக் குறைத்துக் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. முதியவர்கள் அதிகம் சேர்ந்தால் க்ளைம் அதிகம் வரும் என்ற கவலை அவர்களுக்கு.

இருந்தாலும் கணக்குக்கு 15 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 65 வயதுத் தம்பதியின் பிரீமியம் 40,000 என்றால் ஏஜென்டுக்கு 6,000 ரூபாய். மாதம் இரண்டு பாலிசி போட்டால் 12,000. அதில் 2 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொள்வார்கள். பெட்ரோல், போன், நகலெடுக்கும் செலவு எல்லாம் நம்முடையது. என் அனுபவத்தில் இரண்டு பாலிசிக்கு இருபது வீடு ஏறி இறங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று முறையாவது போக வேண்டும். முதல் வருடத்தில் இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஆறு மாதம் சொந்தக்காரர்களாலும் நண்பர்களாலும் ஓடிவிடும். சேர்ந்த வாரமே சேல்ஸ் மேனேஜர் நோட்டைக் கொடுத்து, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வார். சித்தப்பா, மாமனார், பழைய ஆசிரியர் என்று அந்தப் பட்டியல் முடியும் இடத்தில்தான் தொழில் தொடங்குகிறது. பெரும்பாலோர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் இன்றைக்கும் இதில் இருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இந்தத் தொழிலைத் தாங்கி நிற்பது ரெனியூவல், அதாவது பாலிசியை வருடந்தோறும் புதுப்பிப்பது; ஒவ்வொரு முறையும் கமிஷன் வரும். வருடத்துக்கு 24 பாலிசி, ஐந்து வருடத்தில் 120 பாலிசி, ஒவ்வொன்றுக்கும் 6,000 ரூபாய் என்றால் ஏழு லட்சத்துக்கு மேல் வரும். ஆள் சேர்க்கும் கூட்டத்தில் காட்டப்படும் கணக்கு இதுதான். அதில் யாரும் பாலிசியைக் கைவிடுவதில்லை, யாரும் இறப்பதில்லை.

முதியோர் பாலிசியில் இரண்டுமே நடக்கும். 2025 ஜனவரியில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஓர் உத்தரவு போட்டது: மூத்த குடிமக்களின் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று. அதற்கு முன்னால் ரெனியூவல் நோட்டீஸ் வரும் நாளில் போனை எடுக்கவே எனக்குப் பயமாக இருக்கும். நல்ல உத்தரவுதான். ஆனாலும் வருடம் 10 சதவீதம் என்பதே சின்ன உயர்வு அல்ல. 40,000 ரூபாய் ஐந்தே வருடத்தில் 64,000 ரூபாயைத் தாண்டிவிடும். பென்ஷனோ வட்டி வருமானமோ அந்த வேகத்தில் ஏறுவதில்லை. எழுபது வயதில், மிகவும் தேவைப்படும் நேரத்தில், "இந்த வருடம் விட்டுவிடலாம் தம்பி" என்று பாலிசியை நிறுத்துகிறார்கள். பாலிசித் தொகையைக் குறைத்தாவது தொடருங்கள், விட்டுவிட்டால், ஏற்கெனவே உள்ள நோய்க்குக் க்ளைம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்று கெஞ்சியிருக்கிறேன். கமிஷனுக்காகப் பேசுகிறேன் என்று சிலர் நினைத்துக்கொள்வார்கள். பிரீமியம் ஏறினால் நம் கமிஷனும் ஏறுகிறது என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மரணம் வேறு விதம். பத்து வருடம் ரெனியூவலுக்குப் போய்க் காபி குடித்த வீட்டில் ஒரு நாள் பந்தல் போட்டிருக்கும். துக்கம் கேட்கப் போவேன். அந்த அம்மாவுக்கு மட்டுமாகப் பாலிசியை மாற்றி எழுத வேண்டும் என்பதைப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகே வாய் திறந்து சொல்வேன்.

இனி, இந்தத் தொழிலின் நடுமுடிச்சு. நமக்குப் பணம் வருவது பாலிசி எழுதும் நாளில். நம் வேலைக்கு அர்த்தம் வருவது க்ளைம் வரும் இரவில். அந்த இரவுக்குச் சம்பளம் கிடையாது. பாலிசி எழுதும் நாளில் சரியாக வேலை செய்தால் பாலிசியே கிடைக்காமல் போகலாம். தவறாகச் செய்தால் கமிஷன் உடனே வரும், கேடு மூன்று வருடம் கழித்து வேறொருவர் தலையில் விழும். முதியோர் விஷயத்தில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. ஏனென்றால் உடம்பில் ஒன்றும் இல்லாத முதியவர் அபூர்வம்.

பாலிசிக்கு விண்ணப்பிக்கும் பிரபோசல் படிவத்தில் ஏற்கெனவே உள்ள நோய்களைக் கேட்கும் பகுதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அங்கே சர்க்கரை என்று எழுதினால் கம்பெனி பரிசோதனைக்கு அனுப்பும், பிரீமியத்தைக் கூட்டும், சில நேரம் வேண்டாம் என்றே திருப்பி அனுப்பும். "சர்க்கரையை எல்லாம் எழுத வேண்டுங்களா? மாத்திரை போட்டால் கட்டுக்குள்தானே இருக்கிறது" என்பார்கள் வீட்டில். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. இருபது வருடம் கூடவே இருந்த சர்க்கரையை அவர்கள் நோயாக நினைப்பதே இல்லை.

தொழிலுக்கு வந்த இரண்டாவது வருடம் நானும் அதை எழுதாமல் விட்டேன். மார்ச் மாதக் கடைசி வாரம். டார்கெட்டுக்கு ஒரு பாலிசி குறைவு. ஒரு மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் அப்பாவுக்குத் தெரிந்தவர். "எல்லாவற்றையும் எழுதினால் பாலிசி லாகின் ஆகாது, இல்லை என்று போடு" என்றார் மேனேஜர். போட்டேன். இரண்டு வருடம் கழித்து அவருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவில் டியூட்டி டாக்டர் கேட்டிருக்கிறார்: சர்க்கரை எவ்வளவு நாளாக? வலியோடு படுத்திருந்தவர், "பத்து வருடம் இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றை வரி கேஸ் ஷீட்டில் ஏறியது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போனது, கம்பெனிக்கும் போனது. நோயை மறைத்தார் என்று க்ளைம் மறுக்கப்பட்டது, பாலிசியும் ரத்தானது. இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். அவர் மகள் தன் நகைகளை அடகு வைத்துக் கட்டினாள். பில் கவுன்டருக்கு எதிரே இரும்பு நாற்காலியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்கள் சொன்ன இடத்தில்தானே அண்ணா அப்பா கையெழுத்துப் போட்டார்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கையெழுத்துக்கு எனக்குக் கிடைத்த கமிஷன் மூவாயிரத்துச் சொச்சம்.

அதற்குப் பிறகு சட்டம் வாடிக்கையாளர் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2024இல் வந்த விதிகளின்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் நான்கு வருடத்திலிருந்து அதிகபட்சம் மூன்று வருடமாகக் குறைந்தது. தொடர்ந்து ஐந்து வருடம் பிரீமியம் கட்டியவரிடம், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, நீங்கள் அன்றைக்கு இதைச் சொல்லவில்லை என்று க்ளைமை மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருடம். 65 வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி தர வயதைக் காட்டியே கம்பெனி மறுக்கலாம் என்ற பழைய நிலையும் போய்விட்டது. ஆனால் வயதைக் காட்டித் தடுக்க முடியாதபோது, பரிசோதனை முடிவைக் காட்டித் தடுக்கலாம்; தாங்க முடியாத பிரீமியத்தைச் சொல்லியும் தடுக்கலாம். கதவு திறந்திருக்கிறது. வாசற்படியின் உயரம் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.

அதே வருடம் மே மாதம் வந்த சுற்றறிக்கை, கேஷ்லெஸ் (ஆஸ்பத்திரி பில்லைக் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது) கேட்டால் ஒரு மணி நேரத்தில் பதில், டிஸ்சார்ஜ் என்றால் மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதி என்கிறது. தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் கம்பெனிதான் தர வேண்டும். இந்த விதியைச் செல்போனில் சேமித்து வைத்திருக்கிறேன். அவிநாசி சாலை ஆஸ்பத்திரிகளில் எத்தனையோ முறை எடுத்துக் காட்டியிருக்கிறேன். காலையில் டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பார். சாயங்காலம் ஆகியும் அந்த ஐயா கட்டிலில் வேட்டி மாற்றி உட்கார்ந்திருப்பார், அம்மா பையைக் கட்டி மடியில் வைத்திருப்பார். கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி வரும், ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க் பதில் அனுப்பும், மறுபடி ஒரு கேள்வி வரும். அறை வாடகை வரம்பைத் தாண்டிய அறையில் தங்கியிருந்தால், வாடகையில் மட்டுமல்ல, டாக்டர் கட்டணம் உட்படப் பலவற்றிலும் அதே விகிதத்தில் பிடித்துக்கொள்வார்கள். முதியோர் பாலிசிகள் பலவற்றில் கோ-பே வேறு உண்டு. பில்லில் ஒரு பங்கை அவர்களே கட்ட வேண்டும். பாலிசி விற்ற அன்று இதையெல்லாம் சொல்லியிருந்தால், அன்றைக்குச் சிலர் வாங்காமல் போயிருப்பார்கள். சொல்லாமல் விட்டிருந்தால், இந்தச் சாயங்காலம் அவர்கள் முகத்தில் விழிக்க முடியாது.

க்ளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; கட்டணம் இல்லை. அங்கே வக்கீலோ ஏஜென்டோ வாதாட முடியாது. பாலிசிதாரர்தான் பேச வேண்டும். ஆகவே மனுவை எழுதி, தாள்களை வரிசைப்படுத்தி, எதை முதலில் சொல்வது என்று எழுபது வயதானவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புவதோடு நம் வேலை முடிகிறது. இதற்கும் ஒரு ரூபாய் வராது. ஆனால் இந்த வேலையைச் செய்யும் ஏஜென்டைத்தான் தெருவில் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள். எனக்கு வந்த நல்ல வாடிக்கையாளர்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரர் மூலமாக வந்தவர்கள்.

போட்டி இருக்கிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து விளக்கிய பிறகு, எல்லாவற்றையும் குறித்துக்கொண்ட மகன் இணையத்தில் வாங்கிவிடுவான். கமிஷனில் பாதியைத் திருப்பிக் கொடுத்தால் எடுக்கிறேன் என்று வெளிப்படையாகவே கேட்பவர்கள் உண்டு. 1938ஆம் வருடக் காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. கொடுப்பவர்கள் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மார்ச் மாத வருமான வரிச்சலுகை அவசரமும் குறைந்துவிட்டது. பெற்றோர் மூத்த குடிமக்களாக இருந்தால் பிள்ளைகளுக்கு 50,000 ரூபாய் வரை கழிவு என்பது பழைய வருமான வரி முறையில்தான். புதிய முறைக்கு மாறியவர்களுக்கு அது கிடையாது.

இதற்கிடையில் 2025 செப்டம்பர் 22 அன்று தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது. 40,000 ரூபாய் பிரீமியத்தில் 7,200 ரூபாய் மிச்சம். முதியவர்களுக்கு இது பெரிய ஆறுதல். நானே போன் போட்டு எல்லோருக்கும் சொன்னேன். ஆனால் ஏஜென்ட் கமிஷன் மீதான ஜி.எஸ்.டி. அப்படியேதான் இருக்கிறது. அதைக் கட்டும் கம்பெனி, முன்பு பாலிசி மீது வசூலித்த வரியில் அதைக் கழித்துக்கொண்டிருந்தது. பாலிசிக்கு வரியே இல்லை என்றானதும் கழிக்க இடமில்லை. பல கம்பெனிகள் அந்தச் சுமையை நம் கமிஷனுக்குள்ளேயே அடக்கிவிட்டன. 6,000 ரூபாய் 5,085 ஆனது. வாடிக்கையாளருக்கு வந்த நன்மையை யாரும் பறிக்கச் சொல்லவில்லை. அதற்கான விலையை இந்தச் சங்கிலியில் எளியவரான ஏஜென்ட் கட்ட வேண்டியிருப்பதுதான் மனதை அறுக்கிறது.

அப்படியென்றால் இதில் யார் நிலைத்து நிற்கிறார்கள்? வீட்டில் இன்னொரு சம்பளம் உள்ளவர்கள், முதல் மூன்று நான்கு வருடங்களைத் தாக்குப் பிடிக்கிறார்கள். மருத்துவப் பாலிசியோடு ஆயுள் காப்பீடு, வாகன இன்சூரன்ஸ் என்று சேர்த்துச் செய்பவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். ஓர் ஏஜென்ட் ஆயுள், பொது, மருத்துவம் மூன்றிலும் தலா ஒரு கம்பெனிக்கு வேலை செய்யலாம். முதியவர்களை மட்டும் நம்பி நிற்பவர்களைவிட, 58 வயதுக்கு முன்பே கம்பெனி வாசலில் போய் நிற்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள். குழுக் காப்பீட்டில் இருப்பவர் ஓய்வு பெறும் முன்பே அதே காப்பீட்டுக் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. குழுவில் இருந்த வருடங்கள் காத்திருப்புக் காலத்தில் கழியும். இது தெரியாமல் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! இந்த ஒரு விஷயத்தை 57 வயதில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போன வாரம் கணபதியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்கு 71, அம்மாவுக்கு 66. நான் இப்போதெல்லாம் படிவத்தைப் பிறகுதான் எடுப்பேன். முதலில் மாத்திரை டப்பாவைக் கேட்பேன். ஃப்ரிட்ஜ் மேலிருந்த பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அந்த அம்மா டீப்பாயில் கவிழ்த்தார். சர்க்கரைக்கு இரண்டு, அழுத்தத்துக்கு ஒன்று, ரத்தம் உறையாமல் இருக்க ஒன்று. "இது எதற்கு என்று எங்களுக்கே மறந்துவிட்டதுங்க" என்றார். ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் போட்டுப் படம் எடுத்தேன். பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடியதில் 2017இல் ஸ்டென்ட் வைத்தது தெரியவந்தது. எல்லாவற்றையும் படிவத்தில் எழுதி இணைத்து அனுப்பியிருக்கிறேன். ஐயாவுக்குப் பாலிசி கிடைப்பது கடினம். அம்மாவுக்கு மட்டும் கிடைக்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு வய வந்தனா அட்டைக்குப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரில் பிறந்த வருடம் தவறாக இருக்கிறது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன்.